காட்டிக்கொடுத்தவர் பெயர்: இயற்பெயர் பொதுப்பெயராதல்

தம் பக்கத்தாரைப் பகைவர்க்குக் காட்டிக்கொடுப்பவரைச் சுட்டத் தமிழில் இருவகைச் சொற்கள் வழங்குகின்றன. துரோகி, கோடரிக்காம்பு போன்றவை செயலையோ உவமையையோ அடியாகக் கொண்டவை. எட்டப்பன் என்பதோ இயற்பெயரை அடியாகக் கொண்டது. இவ்விரு வகைக்கும் இடையே இலக்கண வேறுபாடு ஒன்றுண்டு. துரோகி என்னும் சொல் நான்காம் வேற்றுமையை ஏற்கும்: நாட்டுக்குத் துரோகி, நண்பனுக்குத் துரோகி என்போம். எட்டப்பன் அவ்வாறு ஏற்பதில்லை. 'அவன் ஓர் எட்டப்பன்' என்ற அளவில் தொடர் நிறைவுறுகிறது. யாருக்குச் செய்த துரோகம் என்னும் வினாவைப் பெயர் தன்னுள் மறைத்துவிடுகிறது. இம்மறைப்பின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எட்டப்பன் என்பது தனியொருவர் பெயரன்று. எட்டயபுரம் பாளையக்காரர்களின் மரபுப் பெயர். 1799இல் பாஞ்சாலங்குறிச்சிப் போரில் எட்டயபுரத்தார் ஆங்கிலேயர்க்குத் துணைநின்றனர் என்பது உண்மை. ஆயின் தப்பிச் சென்ற கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். கயத்தாற்றில் 1799 அக்டோபர் 16ஆம் நாள் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். மேலும், எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் எல்லைப் பூசல் கொண்ட தனித்தனிப் பாளையங்கள். இரண்டும் ஒரே பக்கம் என்னும் எண்ணம் பிற்காலத் தேசிய உணர்வின் விளைவு எனலாம். கதைப்பாடல்களும் 1959இல் வெளிவந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' திரைப்படமும் அப்பெயரைப் பரப்பின. 'எட்டப்பர்கள்' என்னும் பன்மை வழக்கு அது பொதுப்பெயராகிவிட்டதற்குச் சான்று.

பிற இந்திய மொழிகளிலும் இதனைக் காணலாம். வங்காளத்தில் மீர்ஜாஃபர் என்பது துரோகியைக் குறிக்கும். 1757இல் பிளாசிப் போரில் தம் நவாபுக்காகப் போரிடாது ஒதுங்கி நின்றவர் அவர். இங்குச் சொல்லும் நிகழ்வும் பொருந்துகின்றன. இந்தியில் வழங்கும் ஜெய்சந்த் அத்தகையதன்று. கன்னோசி மன்னர் ஜெயச்சந்திரர் பிருதிவிராஜனுக்கு எதிராகக் கோரியை அழைத்தார் என்பது கதைமரபு. அவரோ 1194இல் சந்தாவர் போர்க்களத்தில் அதே கோரியின் படையை எதிர்த்து மாண்டார்.

ஒரே பெயர் இரு தீர்ப்புகளைப் பெறுவதும் உண்டு. வங்காளப் பழமொழியில் விபீஷணன் வீட்டுக்குள் இருக்கும் பகைவன். தமிழ் வைணவ உரைமரபிலோ அவன் சரணாகதிக்கு எடுத்துக்காட்டான விபீஷணாழ்வான். இலங்கைச் சிங்கள பௌத்தர்க்குக் காவல் தெய்வம். அண்ணனை நீங்கியமை ஒரு மரபில் துரோகமாகவும் மற்றொன்றில் அறமாகவும் கொள்ளப்படுகிறது.

மொழிபெயர்ப்பாளர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். வங்காளத் தொடரிலுள்ள விபீஷணனை அப்படியே தமிழில் தந்தால் வசை வழிபாடாகிவிடக்கூடும். அவ்விடத்தில் எட்டப்பனை இட்டாலோ, மூலத்தில் இல்லாத 1799ஆம் ஆண்டு நெல்லைச் சீமை உள்ளே நுழையும். வரலாற்றுக் குறிப்பு இன்றியமையாத இடத்துப் பெயரை நிறுத்தி, யார் யாருக்குச் செய்தது என்பதைத் தொடரிலேயே விளக்கலாம். பிற இடங்களில் 'காட்டிக்கொடுத்தவன்' என்பதே போதும். அகராதியும் 'துரோகி' என்று மட்டும் பொருள் தந்து அமையாது, அத்தீர்ப்பு எத்தரப்பினது என்பதையும் குறித்தல் வேண்டும். பெயர் விழுங்கிய நான்காம் வேற்றுமையை மீட்டுத் தருவது அகராதியாளர், மொழிபெயர்ப்பாளர் ஆகிய இருவரின் கடமையாகும்.