ஸ்டார் ட்ரெக் ரசிகர் விவாத மரபு

அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 1966 செப்டம்பர் 8 முதல் 1969 ஜூன் 3 வரை ஒளிபரப்பான ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் கதைகளையும் மாந்தர்களையும் பார்வையாளர்கள் அலசி, ஐயம் எழுப்பி, தாங்களே விடை கட்டி, அந்த விடைக்காகச் சண்டையும் போட்டு வந்த மரபு இது. ஜீன் ராடன்பெரி உருவாக்கிய இத்தொடர் மூன்று பருவங்களும் 79 அத்தியாயங்களும் மட்டுமே ஓடியது. ஒவ்வொரு வாரமும் கதை அந்த வாரத்தோடு முடிந்துவிடும். முந்திய வாரம் நடந்ததை ‘என்டர்பிரைஸ்’ விண்கப்பலின் தலைவர் கிர்க் அடுத்த வாரம் பெரும்பாலும் நினைத்துப் பார்ப்பதில்லை. அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சி வழக்கம் அப்படி. இன்று ‘ஸ்டார் ட்ரெக் உலகம்’ என்று நூற்றாண்டுக் கணக்கும் அரசியலும் மொழியும் கொண்டதாக நாம் பேசும் பொருளைத் தொடர் தானாகத் தந்துவிடவில்லை. உதிரிக் கதைகளை ஒரே உலகமாகத் தைத்தது ரசிகர்களின் வாதம். தயாரிப்பாளர்கள் அந்தத் தையலைப் பின்னர் தங்களுடையதாக ஏற்றுக்கொண்டார்கள்.

இந்தப் பழக்கத்துக்கு முன்னோடிகள் உண்டு. ஹியூகோ கெர்ன்ஸ்பேக் 1926இல் தொடங்கிய ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழ் வாசகர் கடிதங்களை முகவரியோடு அச்சிட்டது. வாசகர்கள் ஆசிரியரை விட்டுவிட்டுத் தங்களுக்குள் எழுதிக்கொள்ளத் தொடங்கினார்கள். 1930இல் முதல் ரசிகர் இதழும் 1939இல் நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடும் அந்த வழியில் வந்தவை. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை வைத்து ஆங்கிலேயர்கள் ஆடிய விளையாட்டு இன்னும் பழையது: வாட்சனின் போர்க் காயம் ஒரு கதையில் தோளிலும் மற்றொன்றில் காலிலும் இருப்பது ஏன் என்று, வேத விளக்கம் போலவே, ரொனால்ட் நாக்ஸ் காலம் முதல் ஆராய்ந்திருக்கிறார்கள். அப்படியானால் ஸ்டார் ட்ரெக்கில் புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஹோம்ஸ் ஆய்வாளர்களின் முடிவைக் கேட்டுக் கோனன் டாயில் கதையை மாற்றி எழுதவில்லை. இங்கே பேச்சு படைப்புக்குள்ளேயே திரும்பிப் போய்ச் சேர்ந்தது.

விவாதம் தொடங்கத் தொடர் ஒளிபரப்பாகும் வரைகூடக் காத்திருக்கவில்லை. 1966 செப்டம்பர் முதல் வாரத்தில் கிளீவ்லாந்து நகரில் நடந்த உலக மாநாட்டில், தான் எடுத்த முன்னோட்டப் படத்தை ராடன்பெரியே கொண்டுபோய்த் திரையிட்டார். அதே ஆண்டு நவம்பரில் ஐசக் அசிமோவ் ‘டிவி கைடு’ வார இதழில் தொலைக்காட்சித் தொடர்களின் வானியல் பிழைகளைக் கிண்டல் செய்தார். ஸ்டார் ட்ரெக்கும் அதில் தப்பவில்லை. ரசிகர்கள் பொங்கியெழ, சில மாதங்களில் அசிமோவ் தொடரின் நண்பராகிவிட்டார். 1967 செப்டம்பரில் டெவ்ரா லாங்சாம், ஷெர்னா காமர்ஃபோர்ட் என்ற இரு பெண்கள் ‘ஸ்பாக்கனேலியா’ என்ற சைக்ளோஸ்டைல் இதழைக் கொண்டுவந்தார்கள். ஸ்டார் ட்ரெக்குக்கென்றே வந்த முதல் ரசிகர் இதழ் அதுதான். ஸ்பாக்காக நடித்த லெனர்டு நிமாய் அதற்குக் கடிதம் எழுதினார். ஸ்பாக் சார்ந்த வேற்றுலக இனமான வல்கன்களின் உடற்கூறு, உளவியல், இலக்கியம் என்று அதில் வந்த கட்டுரைகளைப் புரட்டினால், திரையில் சில நிமிடக் குறிப்பாக வந்து போனதை ஒரு நாகரிகமாக வளர்த்தெடுக்கும் உழைப்பு தெரியும்.

தொடரை எழுதியவர்களிடமே ஒரு கையேடு இருந்ததே, ஒருமையை அவர்கள் திட்டமிட்டே படைத்திருக்கலாமே என்ற மறுப்பு நியாயமானது. கையேடு இருந்தது உண்மைதான். ஆனால் கதை நடக்கும் நாளைக் குறிக்கும் ‘விண்மீன் தேதி’ பற்றி அது என்ன சொன்னது என்பதைப் பார்க்க வேண்டும்: நான்கு இலக்க எண் ஒன்றையும் ஒரு தசம இலக்கத்தையும் எழுத்தாளர் விருப்பப்படி போட்டுக்கொள்ளலாம் என்றது. கதை எந்த நூற்றாண்டில் நடக்கிறது என்று சொல்லாமல் தப்பிக்கும் உபாயம் அது. படமெடுத்த வரிசையில் ஒளிபரப்பும் நடக்கவில்லை. எனவே தேதிகள் முன்னும் பின்னும் தாவின. ரசிகர்கள் விடவில்லை. கேள்விகள் குவியவே, கப்பலின் இடத்தையும் வேகத்தையும் பொறுத்து இந்தத் தேதி மாறும் என்று ராடன்பெரி ஒரு விளக்கத்தைச் சொல்லி வைத்தார். கேள்வி பிறந்த பிறகே இலக்கணம் பிறந்தது. கிர்க்கின் கல்லறைக் கல்லில் இரண்டாம் முன்னோட்டப் படம் ‘ஜேம்ஸ் ஆர். கிர்க்’ என்று பொறித்திருந்தது. பிறகு அவர் ‘ஜேம்ஸ் டி. கிர்க்’ ஆனார். தொடக்கத்தில் ‘வல்கேனியன்’ என்றவர்கள் பின்னர் ‘வல்கன்’ என்றார்கள். எழுதியவர்களுக்கு இவை கவனப் பிசகு. ரசிகர்களுக்கோ தீர்த்தாக வேண்டிய புதிர். பியோ டிரிம்பிள் 1969இல் தொகுத்த சொல்லடைவு அத்தியாயங்களின் பெயர்களையும் இடங்களையும் மாந்தர்களையும் அகரவரிசைப்படுத்தியது. தொடரைப் பற்றிய முதல் பெரிய மேற்கோள் நூலைத் தொகுத்தவர் ஒரு ரசிகை, நிறுவனம் அல்ல.

அதே டிரிம்பிளும் அவர் கணவரும்தாம் 1967-68 குளிர்காலத்தில் தொடரை நிறுத்தவிடாமல் கடித இயக்கம் நடத்தினார்கள். கடிதங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டின. 1968 மார்ச் 1 அன்று, அன்றைய அத்தியாயம் முடிந்ததும், தொடர் மீண்டும் வரும் என்று என்.பி.சி. திரையிலேயே அறிவித்தது. இந்த இயக்கத்துக்கு ராடன்பெரி மறைமுகமாகப் பணமும் ஊக்கமும் தந்தார் என்று ஸ்டூடியோ அதிகாரியாயிருந்த ஹெர்பர்ட் சோலோ பின்னாளில் எழுதினார். அவர் சொன்னதில் உண்மை இருக்கட்டும். தூண்டியவர் ஒருவர் இருந்தார் என்பதால் எழுதியவர்கள் பொய்யாகிவிட மாட்டார்கள். வெற்றியின் அளவைத்தான் நான் ஐயுறுவேன். தொடரை வெள்ளி இரவு 10 மணிக்குத் தள்ளினார்கள். இளைஞர்கள் வீட்டில் இருக்காத நேரம் அது. ஒரே பருவத்தில் கதை முடிந்தது.

அதன்பின் தொடரை வாழவைத்தது மறுஒளிபரப்பு, ரசிகர்கள் அல்ல என்போர் உண்டு. உள்ளூர் நிலையங்கள் 1970களில் அதைத் தினமும் காட்டியிராவிட்டால் புதிய தலைமுறைக்குத் தெரிந்திருக்காது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதே ஆண்டுகளில் அதே நிலையங்கள் ‘கில்லிகன்ஸ் ஐலேண்ட்’ நகைச்சுவைத் தொடரையும் ஓயாமல் காட்டின. அதைச் சுற்றி இப்படியொரு மரபு எழவில்லை. மறுஒளிபரப்பு திரும்பத் திரும்பப் பார்க்கும் வாய்ப்பைத் தந்தது. கண்டதை ஒப்பிட்டுப் பேசும் பழக்கம் வேறிடத்திலிருந்து வந்தது. 1972 ஜனவரியில் நியூயார்க் ஸ்டாட்லர் ஹில்டன் ஓட்டலில் ரசிகர்களே கூட்டிய முதல் பெரிய ஸ்டார் ட்ரெக் மாநாட்டுக்குச் சில நூறு பேரை எதிர்பார்த்தார்கள். மூவாயிரத்துக்கும் மேல் வந்தார்கள். 1976இல் அமெரிக்காவின் முதல் விண்ணோடத்துக்கு ‘கான்ஸ்டிட்யூஷன்’ என்று வைக்கவிருந்த பெயர், ரசிகர்களின் கடிதங்களால் கிர்க்கின் கப்பல் பெயரான ‘என்டர்பிரைஸ்’ ஆயிற்று.

மாந்தர்களைப் பற்றிய விவாதத்தில்தான் மரபின் கூர்மை தெரிகிறது. இதழ்களை நடத்தியவர்களும் எழுதியவர்களும் பெரும்பாலும் பெண்கள். தொடரின் கடைசி அத்தியாயத்தில் ஜானிஸ் லெஸ்டர் என்ற பெண், கப்பல் தலைவர்களின் உலகில் பெண்ணுக்கு இடமில்லை என்கிறாள். கிர்க்கின் கப்பல் சார்ந்த கூட்டமைப்பின் சட்டமே அதுவா, மனம் பேதலித்தவளின் குற்றச்சாட்டா? வசனம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. அதனால் வாதமும் ஓயவில்லை. கிர்க்குக்கு ஒரு நூற்றாண்டு முந்திய காலத்தில் நடப்பதாக வந்த ‘என்டர்பிரைஸ்’ தொடர் 2004இல் எரிகா ஹெர்னாண்டஸ் என்ற பெண்ணைக் கப்பல் தலைவராகக் காட்டியது. வாதத்தில் ஒரு கட்சிக்கு அது திரையிலேயே கிடைத்த சாட்சி. கிர்க்குக்கும் ஸ்பாக்குக்கும் இடையிலுள்ள பிணைப்பு நட்பா காதலா என்ற கேள்வியும் 1970களில் கதைகளாகவே எழுதப்பட்டது. ரசிகர்கள் தங்களைத் தாங்களே விமர்சிக்கத் தெரியாதவர்களும் அல்லர். 1973இல் பாலா ஸ்மித் ‘மெனாஜெரி’ இதழில் எழுதிய ஒரு பக்கப் பகடியில், பதினைந்தரை வயது லெப்டினன்ட் மேரி சூ கப்பலில் எல்லாரையும் மயக்கி, எல்லாரையும் காப்பாற்றி, எல்லாரும் அழச் சாகிறாள். ரசிகர் கதைகளின் சுயமோகத்தைக் குத்திய அந்தப் பெயர் இன்று பொதுவான விமர்சனச் சொல். திறமையுள்ள எந்தப் பெண் பாத்திரத்தையும் அடக்க அதைத் தடியாக எடுப்பவர்கள் பகடியின் குறியை மறந்தவர்கள்.

பேச்சு எப்படித் திரைக்குத் திரும்பியது என்பதற்கு, தொடரில் எதிரிகளாக வரும் கிளிங்கான் இனத்தாரின் நெற்றி போல நல்ல சான்று இல்லை. பழைய தொடரில் அவர்கள் தாடியும் மைப்பூச்சும் கொண்ட சாதாரண மனிதர்கள். கையில் பணமில்லை, அவ்வளவுதான். 1979 ஸ்டார் ட்ரெக் திரைப்படத்தில் காசு வந்தது, நெற்றியில் மேடுபள்ளமும் வந்தது. வேறொரு தொடர் என்றால் ஒப்பனை மாறியது என்று விட்டிருப்பார்கள். இங்கோ வைரஸ் என்றும், இரண்டு இனங்கள் என்றும் கருதுகோள்கள் கிளம்பின. 1996இல் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ என்ற பிந்திய ஸ்டார் ட்ரெக் தொடர், ‘டிரிபிள்’ என்ற உயிரினங்கள் வரும் பழைய கதைக்குள் தன் மாந்தர்களை அனுப்பியபோது, கிளிங்கானாகிய வோர்ஃபிடம் நண்பர்கள் இதையே கேட்கிறார்கள். வெளியாரிடம் பேசுகிற விஷயமில்லை என்று அவர் மழுப்புகிறார். 2005இல் ‘என்டர்பிரைஸ்’ இரண்டு அத்தியாயங்களைச் செலவிட்டு, மரபணுச் சோதனையில் பிறந்த நோயே காரணம் என்று விளக்கியது. நகைச்சுவையோடு நின்றிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்பது என் கட்சி. ஆயினும் ஒப்பனைச் செலவு குறித்த கேள்வி கால் நூற்றாண்டில் வரலாறானதை அங்கே பார்க்கிறோம். ஆட்களும் இப்படித்தான் உள்ளே போனார்கள். ரசிகராக வளர்ந்த ரொனால்டு டி. மூர் படப்பிடிப்புத் தளத்தைச் சுற்றிப் பார்க்க வந்தபோது கொடுத்த திரைக்கதை 1989இல் ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்ற பிந்திய ஸ்டார் ட்ரெக் தொடரின் அத்தியாயமானது. 1994இல் கிர்க் இறக்கும் திரைப்படத்தை எழுதிய இருவரில் அவரும் ஒருவர்.

உரிமை கொண்டாடும் ரசிகர் படைப்பை முடக்கிவிடுவார் என்ற குற்றச்சாட்டுதான் மிகக் கனமானது. 1986 டிசம்பரில் ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியில், கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னர் தம் ரசிகர்களையே விரட்டுவதாக நடித்தபோது அந்தச் சலிப்பு வேடிக்கையாக வெளிப்பட்டது. ஆனால் 1982 ஸ்டார் ட்ரெக் திரைப்படம் வேறொன்றைக் காட்டுகிறது. ஸ்பாக் சாகப்போகிறார் என்ற செய்தி கசிந்து எதிர்ப்பு கிளம்பியது. இயக்குநர் நிக்கோலஸ் மேயர் முதல் காட்சியிலேயே ஒரு பொய்ச் சாவை வைத்து, வதந்தி தீர்ந்தது என்று பார்வையாளரை நம்பவைத்து, இறுதியில் உண்மையாகவே ஸ்பாக்கைச் சாகடித்தார். கூச்சல் அங்கே கதையைக் கெடுக்கவில்லை, கூர்மையாக்கியது. உண்மையான தடை சட்டத்திலிருந்து வந்தது. மக்களிடம் பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டிய ‘அக்சனார்’ என்ற ரசிகர் படத்தின் மீது சிபிஎஸ், பாராமவுண்ட் நிறுவனங்கள் 2015 டிசம்பரில் வழக்குத் தொடுத்தன; 2017 ஜனவரியில் சமரசம் ஆனது. இடையே, 2016 ஜூனில், அவை ரசிகர் படங்களுக்கு விதிகள் வெளியிட்டன: ஒரு படம் 15 நிமிடம், இரு பகுதியானால் மொத்தம் 30 நிமிடம். ரசிகர் இதழ்களையோ கூட்டங்களையோ அந்த விதிகள் குறிப்பிடவில்லை.