செயல்முறையின் முடிவை அறியும் உரிமை: யுனிக்ஸ் முதல் லினக்ஸ் வரை

ஒரு நிரல் இயங்கும்போது அதன் நேரம் எந்தெந்தச் சார்புகளில் கழிகிறது என்று அளந்து காட்டும் மென்பொருளைப் புரொஃபைலர் என்பர். இயங்கிக்கொண்டிருக்கும் நிரலை, இயங்குதளத்தின் மையமான கெர்னல் தன் கணக்கில் வைத்திருக்கும் அலகு செயல்முறை எனப்படும். அளக்கப்படும் செயல்முறை எப்போது முடிந்தது என்பதைப் புரொஃபைலர் சரியாக அறியாவிட்டால், முடிந்துபோன ஒன்றுக்காக அது காத்துக்கிடக்கும், அல்லது இறுதிக் கணங்களின் பதிவுகளை இழக்கும். யுனிக்ஸ் இந்த அறிவைத் தொடக்கத்தில் தாய்ச் செயல்முறைக்கு மட்டுமே உரியதாக்கியது. அந்தத் தனியுரிமை சிறிது சிறிதாகத் தளர்ந்ததே இத்துறைக் கருவிகளின் வளர்ச்சியைப் பெரிதும் தீர்மானித்தது.

1971ஆம் ஆண்டின் முதல் யுனிக்ஸ் கையேட்டிலேயே ‘வெயிட்’ என்னும் கெர்னல் அழைப்பு இடம்பெற்றுள்ளது. தான் தோற்றுவித்த சேய்ச் செயல்முறை முடியும்வரை தாய் இதன் வழியாகக் காத்திருக்கலாம். முடிந்த சேயின் விவரத்தைத் தாய் கேட்டுப் பெறும்வரை அதன் பதிவைக் கெர்னல் அழிக்காமல் வைத்திருக்கும் நிலையே ‘ஜாம்பி’ நிலை. செயல்முறையின் எண் இன்னொன்றுக்குப் போய்விடாமல் காப்பதும் இந்நிலைதான். ஆனால் உறவில்லாத மூன்றாவது செயல்முறைக்கு இந்த ஏற்பாட்டில் எந்த இடமும் இல்லை.

தொடக்ககாலப் புரொஃபைலர்கள் அளவீட்டை நிரலுக்குள்ளேயே வைத்து இச்சிக்கலைத் தவிர்த்தன. சூசன் கிரஹாம், பீட்டர் கெஸ்லர், மார்ஷல் மெக்கூசிக் ஆகியோர் பெர்க்லியில் உருவாக்கி 1982இல் அறிமுகப்படுத்திய ‘ஜிபுரொஃப்’ கருவிக்காகத் தொகுக்கப்பட்ட நிரல், தான் எந்த இடத்தில் ஓடுகிறது என்று இடைவிட்டு எடுக்கும் மாதிரிகளைத் தானே சேர்த்து, வெளியேறும் தறுவாயில் அவற்றைக் கோப்பில் எழுதிவிடும். முறையாக முடியும் நிரலுக்கு இது போதுமானது. ஆயினும் சிக்னலால், அதாவது செயல்முறைக்குக் கெர்னல் சேர்ப்பிக்கும் அறிவிப்பால், கொல்லப்பட்ட நிரலும், வெளியேற்றப் பணிகளைத் தாண்டி நேராகக் கெர்னலுக்குத் தாவிய நிரலும் எந்தக் கோப்பையும் விட்டுச்செல்வதில்லை. பழுதுபட்டு நிற்கும் நிரலை ஆராய வேண்டிய வேளையில்தான் கருவி கைவிடுகிறது என்பது இம்முறையின் அடிப்படைக் குறை.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரலை வெளியிலிருந்து அளக்க முயன்றோர், அந்தச் செயல்முறை எண்ணுக்கு எந்த விளைவும் இல்லாத வெற்றுச் சிக்னலை அடிக்கடி அனுப்பி, எண் இன்னும் உள்ளதா என்று சோதித்தனர். லினக்ஸில் எண்களின் இயல்பான வரம்பு நெடுங்காலம் 32,768 ஆகவே இருந்ததால், பரபரப்பான கணினியில் எண்கள் விரைவில் ஒரு சுற்று வந்துவிடும். இரண்டு சோதனைகளுக்கு இடையே பழைய செயல்முறை முடிந்து அதே எண்ணில் வேறொன்று பிறந்தால் சோதனை ஏமாந்துபோகும். பிழைதிருத்திகளுக்கென அமைந்த ‘பிட்ரேஸ்’ என்னும் கெர்னல் அழைப்பு இந்த ஐயத்தைப் போக்கினாலும், கண்காணிக்கப்படும் நிரலைச் சிக்னல்தோறும் நிறுத்தி அளவீட்டையே திரித்துவிடும் என்பதால் புரொஃபைலருக்கு ஏற்றதன்று.

வேறு இயங்குதளங்கள் இதற்கு முன்பே விடை கண்டிருந்தன. 1993இல் வெளிவந்த விண்டோஸ் என்டி, செயல்முறையைக் குறிக்கும் கைப்பிடி ஒன்றைப் பிற நிரல்களுக்கு வழங்கி, அதன்மீது காத்திருக்க இடமளித்தது. 2000இல் ஃப்ரீபிஎஸ்டி 4.1 ‘கேக்யூ’ வழியாக, தொடர்பற்ற செயல்முறையின் முடிவையும் ஒரு நிகழ்வாக அறிவித்தது.

லினக்ஸில் இச்சிக்கலின் ஆழத்தைத் தெளிவாகக் காட்டுவது ‘ஓபுரொஃபைல்’. ஜான் லெவன் எழுதி, 2002இல் 2.5.43 பதிப்பில் கெர்னலுக்குள் சேர்ந்த இக்கருவி, மாதிரிகளைக் கணினியின் ஒவ்வொரு செயலிக்கும் உரிய இடையகத்தில் வெறும் முகவரிகளாகவே குவித்தது. அம்முகவரி எந்தக் கோப்பின் எந்தப் பகுதி என்பதைப் பிற்பாடு செயல்முறையின் நினைவக வரைபடத்தைப் பார்த்துத்தான் கண்டறிந்தது. செயல்முறை வெளியேறும்போதோ, கெர்னல் முதலில் நினைவகத்தை விடுவித்து, திறந்திருந்த கோப்புகளை மூடி, அதன் பின்னரே தாய்க்குச் செய்தி சொல்கிறது. ஆகவே தாய்க்குத் தெரியும் கணத்தில் வரைபடம் அழிந்திருக்கும், எஞ்சிய முகவரிகள் பொருளற்றுப் போயிருக்கும். இதனால்தான் ஓபுரொஃபைல் வெளியேற்றத்தின் தொடக்கத்திலேயே அறிவிப்புப் பெற்று, இடையகத்தை உடனே காலிசெய்தது. இறந்த செயல்முறையின் கெர்னல் பதிவையும், எல்லாச் செயலிகளின் இடையகங்களும் காலியாகும்வரை விடுவிக்காமல் தாமதப்படுத்தியது. செயல்முறையின் முடிவு ஒரே கணம் அன்று, படிகளைக் கொண்ட ஓர் ஒழுங்கு என்பதை இவ்வளவு கவனத்துடன் கையாண்ட வடிவமைப்பு தனிப் பாராட்டுக்குரியது.

2009இல் 2.6.31 பதிப்புடன் வந்த ‘பெர்ஃப்’ என்னும் புரொஃபைலர் இக்கவலையை வேறு வழியில் தீர்த்தது. நினைவக வரைபடம் மாறும்போதெல்லாம் அம்மாற்றமும், செயல்முறையின் தோற்றமும் வெளியேற்றமும், மாதிரிகள் வரும் அதே வளைய இடையகத்திலேயே பதிவுகளாக எழுதப்பட்டதால், முடிந்துபோன செயல்முறையைத் திரும்பிப் பார்க்கும் தேவையே இல்லாமற்போயிற்று. பெர்ஃப் தானே தொடங்கிய நிரலின் முடிவைச் சேய் முடிவுச் சிக்னல் தெரிவித்தது. ஓடும் செயல்முறையின் எண்ணைக் கொடுத்து இணைந்தபோதோ பெர்ஃப் தாயன்று, எனவே சிக்னலும் வராது. 2014இன் 3.18 பதிப்பில்தான், கண்காணிக்கப்பட்ட செயல்முறை முடிந்தால் அதன் நிகழ்வுக்குரிய கோப்பு விவரியில், அதாவது திறந்த கோப்பைக் குறிக்க நிரலுக்குக் கெர்னல் தரும் எண்ணில், ‘இணைப்பு முடிந்தது’ என்னும் குறி எழும் ஏற்பாடு வந்தது. அக்குறி வந்தவுடனே விவரியை மூடிவிடலாகாது. வளைய இடையகத்தில் படிக்கப்படாத மாதிரிகள் தேங்கியிருக்கக்கூடுமாதலால், அதை முழுதும் வடித்த பின்பே மூட வேண்டும்.

இறுதியாக 2019இல், கிறிஸ்டியன் பிரவுனர் முன்னெடுத்த ‘பிஐடிஎஃப்டி’ செயல்முறையையே ஒரு கோப்பு விவரியாக்கியது. 5.3 பதிப்பிலிருந்து எந்தச் செயல்முறைக்கும் இதைத் திறந்து, அதன் முடிவுக்காகக் காத்திருக்கலாம். எண் மறுபயன்பாட்டுக் குழப்பம் இங்கே இல்லை. ஒரே செயல்முறைக்குள் இணையாக ஓடும் இழைகளில் முதன்மையானது முடிந்தாலும் பிற இழைகள் ஓடிக்கொண்டிருந்தால் செயல்முறை முடிந்ததாகக் கொள்ளாமல், கடைசி இழையும் முடிந்த பின்பே இது அறிவிக்கிறது. ஆயினும் செயல்முறை எந்தக் குறியீட்டுடன் வெளியேறியது என்பதைக் கேட்கும் உரிமை அப்பதிப்பிலும் தாயிடமே இருந்தது. முடிவை எல்லோரும் அறியலாயினர், முடிவின் காரணத்தைக் கெர்னல் இன்னும் தாய்க்கே சொல்லிவந்தது.