எரிப்பதா, புதைப்பதா?

வெளியூரிலிருந்து வரும் உறவினர்களை ரமணாசிரமத்துக்கு அழைத்துப்போவது முப்பது வருஷமாக என் பொறுப்பு. பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாராகத் திருவண்ணாமலைக்கு வந்தவள், ஓய்வுக்குப் பிறகும் இங்கேயே தங்கிவிட்டேன். பெரிய சன்னிதியில் எல்லாரும் கைகூப்பிக்கொண்டு நிற்பார்கள். ஓரத்தில் பசு, மான், காக்கை, நாய் என்று வரிசையாக இருக்கும் சமாதிகளுக்கு வந்ததும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: “மாட்டுக்குமா?”

கேட்பவர்மீது எனக்குக் கோபம் வருவதில்லை. இந்த ஊரில் ‘ஞானம் யாருக்கு’ என்ற விவாதம் பெரும்பாலும் புத்தகத்தில் நடந்ததில்லை. உடலை எரிப்பதா, புதைப்பதா என்ற இடத்தில்தான் நடந்திருக்கிறது. இல்லறத்தாருக்கு நெருப்பு, துறவிக்குக் குழி என்பது வழக்கம். திருமந்திரத்தின் ஏழாம் தந்திரத்தில் இதற்கென்றே ‘சமாதிக் கிரியை’ என்று ஒரு பகுதி உண்டு. ஒன்பது சாண் ஆழம், உள்ளே முச்சாணில் முக்கோணக் குகை என்று கொத்தனாருக்குச் சொல்வதுபோல் அளவு வரும். ஞானியின் உடலை எரித்தால் நாடே வெந்துபோகும் என்ற எச்சரிக்கையும் உண்டு. ஆக, ஒருவரைப் புதைக்கலாம் என்று முடிவெடுத்தால், அவர் அடைந்தவர் என்று ஊரறியச் சொன்னதாகிவிடும்.

திருவண்ணாமலையில் இப்படிச் சொல்லப்பட்டவர்கள் ஏராளம். மலைமேல் குகை நமசிவாயர், அதற்கும் மேலே விரூபாட்ச தேவர். அவர் உடலே திருநீறாகிவிட்டது என்று சொல்லி, குகைக்குள் இருக்கும் அந்த மேட்டைத்தான் இன்றும் வணங்குகிறார்கள். ஈசானிய லிங்கத்தின் அருகே அம்மணி அம்மாள் இருக்கிறார். கல்யாணத்துக்கு அஞ்சி வீட்டை விட்டு ஓடிவந்த பெண் என்பார்கள். வீடு வீடாகக் கேட்டு வாங்கி வடக்குக் கோபுரத்தை எழுப்பியவர். அவர் பெயரால்தான் அந்தக் கோபுரத்தை அழைக்கிறோம்.

இப்படிப் பெண்ணுக்கே சமாதி இருக்கும் ஊரில், 1917-இல் ஒரு கேள்வி எழுந்தது. காவ்யகண்ட கணபதி முனிவரின் மனைவி விசாலாட்சி தன் கணவர் வழியாக ரமணரிடம் கேட்டார்: பெண் துறவு கொள்ளலாமா? ஞானம் பெற்ற பெண் இறந்தால் எரிப்பதா, புதைப்பதா? ஊர் ஜனங்களுக்கு இந்தச் சந்தேகமே கிடையாது. சாஸ்திரம் படித்த வீட்டில்தான் இதெல்லாம் வரும். பெண்ணுக்குத் துறவு விலக்கு இல்லை, ஞானத்திலும் முக்தியிலும் ஆண், பெண் பேதம் இல்லை, ஆகவே அந்த உடலை எரிக்க வேண்டாம் என்பது பதில். ‘ரமண கீதை’யின் பதின்மூன்றாம் அத்தியாயத்தில் அதைக் கணபதி முனிவர் வடமொழிச் சுலோகமாக்கி வைத்தார்.

சரியாக ஐந்தே வருஷம். 1922 மே 19-ஆம் தேதி மலைமேல் ஸ்கந்தாசிரமத்தில் ரமணரின் தாய் அழகம்மாள் படுத்த படுக்கையாகக் கிடந்தார். இந்த அம்மாளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். தவமோ படிப்போ கிடையாது. திருச்சுழியில் குடித்தனம் நடத்திய விதவை. ஓடிப்போன பிள்ளையைத் திரும்ப அழைத்துப்போக வந்து, அழுது, தோற்றுத் திரும்பி, கடைசியில் 1916-இல் அவனிடமே வந்து தங்கி, மலைமேல் அடுப்பு மூட்டியவர். மடி, ஆசாரம் எல்லாம் கூடவே வந்தன. வெங்காயம் பக்கம் போகாதே, முருங்கைக்காயைத் தொடாதே, மோட்சத்துக்குப் பெரிய தடை அல்லவா என்று மகன் கேலி செய்துகொண்டே இருப்பார்.

அன்று காலையிலிருந்து ரமணர் ஒரு கையைத் தாயின் தலையிலும் மற்றொன்றை மார்பிலும் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். இரவு எட்டு மணிவாக்கில் மூச்சு அடங்கியது. உடனே கையை எடுக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. 1915-இல் தன்னைப் பல வருஷம் கவனித்துக்கொண்ட பழனிசாமிக்கும் இப்படியே செய்து, முடிந்தது என்று நினைத்துக் கையைச் சற்று முன்னதாக எடுத்துவிட்டார். கண் திறந்துகொண்டது, உயிர் அந்த வழியாகப் போய்விட்டது என்று பின்னால் அவரே சொல்லியிருக்கிறார். ஞானம் யாருக்குக் கிடைக்கும் என்பதற்கு இவ்வளவு கைவேலைக் கணக்கோடு ஒரு பதிலை நான் வேறெங்கும் படித்ததில்லை.

தாய் விஷயத்தில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. எழுந்தார், தீட்டு இல்லை என்றார், சாப்பிட்டார். இரவெல்லாம் திருவாசகம் ஓதினார்கள். எரிப்பதா, புதைப்பதா என்ற பேச்சு வந்தபோது 1917-இன் பதில் நினைவுக்கு வந்தது. விடியுமுன் உடலைத் தெற்கு அடிவாரத்துக்கு இறக்கி, பாலி தீர்த்தத்தின் அருகே குழியில் வைத்து, மேலே லிங்கம் நாட்டினார்கள். அதுதான் மாத்ருபூதேஸ்வரர். அந்த வருஷக் கடைசியில் ரமணரும் கீழே வந்துவிட்டார். ஆசிரமம் என்று நாம் சொல்வது அந்தச் சமாதியைச் சுற்றி எழும்பிய ஊர்தான்.

வேடிக்கை என்னவென்றால், ரமணரே முறைப்படி சந்நியாசம் வாங்கியவர் இல்லை. ஆசிரமச் சொத்து பற்றிய வழக்கில் அவரை விசாரித்தபோது, பிரம்மசரியம் முதல் சந்நியாசம் வரையிலான நான்கு வாழ்க்கை நிலைகளில் நீங்கள் எந்த ஆசிரமத்தைச் சேர்ந்தவர் என்று கேட்டார்கள். நான்கிலும் சேராத ‘அதியாசிரமம்’ என்றார். 1938-இல் உயில் எழுதியதும் அதனால்தான்; துறவிக்கு உயில் ஏது? யார் அடைந்தவர் என்று அவரிடம் கேட்டால் ஞானி என்று தனியாக ஓர் ஆள் இல்லை, ஞானம்தான் உண்டு என்கிற மாதிரிதான் பேசுவார். ஆனால் குழி தோண்டும்போது ஆள் வேண்டியிருக்கிறதே!

பசு லட்சுமிக்கு வருகிறேன். 1926-இல் குடியாத்தத்துக்கு அருகிலிருந்து கன்றாகத் தாய்ப்பசுவோடு வந்தது. 1948 ஜூன் 18, வெள்ளிக்கிழமை, சர்வதாரி வருஷம் ஆனி 5-ஆம் நாள் இறந்தது. தாய்க்கு வைத்ததுபோலவே அதன் தலையிலும் கை வைத்தார் ரமணர். நாள், கிழமை, நட்சத்திரத்தோடு லட்சுமி முக்தி அடைந்ததாக அவரே ஒரு வெண்பா எழுதிக்கொடுத்தார். அந்தச் சொல் ஒப்புக்கு எழுதியதா என்று அன்பர் ஒருவர் கேட்டார். இல்லை, நிஜமாகவே அந்தப் பொருளில்தான் என்று பதில் வந்தது.

எல்லைகள் எல்லாம் அதோடு அழிந்துவிட்டதாக எழுதினால் பொய். அதே ஆசிரமத்தில் அந்நாளில் பொழுது சாய்ந்தால் பெண்கள் வெளியேறிவிட வேண்டும். பந்தியில் பிராமணர் ஒரு பக்கம், மற்றவர் ஒரு பக்கம்; இரண்டுக்கும் நடுவில் ரமணர். லட்சுமியின் கொட்டில் உள்ளேயே இருந்ததால் அது மட்டும் இரவும் தங்கலாம்.

என் பாட்டி செங்கோட்டைக்காரி. பதினாறு வயதில் தாலி அறுத்தவள். அந்தப் பக்கத்துப் பெண்களைப்போல அவளும் ஆவுடையக்காளின் அத்வைதப் பாட்டுகளைப் பாடிக்கொண்டேதான் அரிசி களைவாள். ஆவுடையக்காளும் பால்ய விதவைதான். திருவிசநல்லூர் ஐயாவாளிடம் உபதேசம் பெற்றவர், குற்றால மலை ஏறிப் போனவர் திரும்பவில்லை என்பார்கள். அவருக்கு எரிப்பதா, புதைப்பதா என்ற பேச்சே எழவில்லை. பாட்டியிடம் ஒருமுறை கேட்டேன், உனக்கு இதெல்லாம் புரியுமா பாட்டி என்று. “புரிஞ்சா என்ன, புரியாட்டா என்ன. சாதம் குழையறது பார்” என்றாள்.

அவள் போனபோது சாஸ்திரிகள் கோத்திரம் கேட்டார், நட்சத்திரம் கேட்டார். வேறெதுவும் கேட்கவில்லை. மறுநாள் அப்பா சஞ்சயனத்துக்குக் கிளம்பியபின் சமையலறைப் பரணில் அவள் நோட்டை எடுத்துப் பார்த்தேன். துவரம்பருப்பு இரண்டு படி, நல்லெண்ணெய் கால் வீசை, அதற்குக் கீழே அக்காள் பாட்டு ஒன்று பென்சிலில் முழுசாக, அதற்கும் கீழே பால்காரர் பாக்கி.