கொடிக்கும் ஸனது வேண்டும்

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு (கி.பி. 629) முஃதாப் போர்க்களத்தில் ஜைத் இப்னு ஹாரிஸா (ரலி) வீழ்ந்ததும் ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) கொடியை ஏந்தினார்கள், அவர்களுக்குப்பின் அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) ஏந்தினார்கள். மூவரும் ஷஹீதானபின் அது காலித் இப்னு வலீத் (ரலி) அவர்களின் கைக்கு வந்தது. அந்தக் கொடித்துணி நம் கைக்கு வரவில்லை. ஏந்தியவர்களின் பெயர்களோ வரிசை மாறாமல் வந்துள்ளன.

அரபியில் போர்க்கொடியை ‘லிவா’ என்றும் ‘ராயா’ என்றும் கூறுவர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் லிவா வெண்மையானது. ராயா கறுப்பானது, கோடிட்ட கம்பளியாலான சதுரத் துணி என்று ஹதீஸ் நூல்கள் தெரிவிக்கின்றன. ஒரு கொடியின் நிறமும் துணியும் வடிவமும் அறிவிப்பாளர்கள் வழியாகப் பாதுகாக்கப்பட்டிருப்பது நம் மரபின் சிறப்பு.

இந்த எண்ணத்தைத் தூண்டியது புதுச்சேரியில் கண்ட ஒரு காட்சி. பழம்பொருள் கடை ஒன்றில், புலிவரி தீட்டிய பச்சைத் துணி ஒன்றைத் ‘திப்பு சுல்தானின் கையால் தைத்த படைக்கொடி’ என்று விரித்துக் காட்டினர். விலையும் பெரிது, கூறிய கதையும் பெரிது. ஓரத்தையலைப் பார்த்தேன். அளவெடுத்தாற்போன்ற ஒரே சீரான தையல். மேலும் கீழும் ஈரிழை பின்னிய இயந்திரத் தையல். திப்பு சுல்தான் ஷஹீதானது 1799 மே 4. தையல் இயந்திரம் பரவியதோ 1850களுக்குப் பின்னர். ஐம்பதாண்டு இடைவெளியை எந்தக் கதையால் நிரப்புவது?

கையால் தைத்த கொடிகளைத் திரட்டுவோர் முதலில் பார்ப்பது தையலைத்தான். கைத்தையலில் இடைவெளி சற்றே ஏறியிறங்கும். அடுத்தது சாயம். செயற்கைச் சாயம் கண்டறியப்பட்டது 1856இல். அதற்கு முன்னர் நம் சோழமண்டலக் கரையில் நீலத்திற்கு அவுரி, சிவப்பிற்குச் சாயவேர். ஆயினும் தையல் பொய்யை மறுக்கவே உதவும், மெய்யை நிறுவாது. இன்றும் ஒருவர் பழந்துணியைக் கையால் தைக்கலாம். உண்மையான பழங்கொடியின் கிழிசலைப் பின்னாளில் ஒருவர் இயந்திரத்தால் தைத்திருக்கவும் கூடும்.

புதுச்சேரியின் வரலாறே இதற்குச் சான்று. 1750 டிசம்பரில் செஞ்சிக்கு அருகே நிஜாம் நாசிர் ஜங்கின் பாசறையைப் பிரெஞ்சுப் படை தாக்கியது. கடப்பை, கர்நூல், சவனூர் நவாபுகள் டூப்ளெக்சுடன் இரகசிய உடன்பாடு செய்திருந்தனர். நாசிர் ஜங் கொல்லப்பட்டார். யானைமீது உயர்ந்த பெரிய வெள்ளைக் கொடியே பிரெஞ்சுத் தளபதிக்கு அடையாளமாயிற்று. வெள்ளைக் கொடி என்றதும் இன்று நாம் சரணடைதலை நினைப்போம். அன்று வெண்மை பூர்போன் அரசர்களின் பிரெஞ்சுக் கொடிக்குரிய நிறம். மூவண்ணக் கொடி சட்டமானது 1794இல்தான். எனவே டூப்ளெக்ஸ் காலத்து மூவண்ணக் கொடி என்று எவரேனும் விற்றால் அது பொய். எழுத்தோ சின்னமோ இல்லாத வெள்ளைத் துணி ஒன்று கிடைத்தால், அதனை மதிப்பற்றதென ஒதுக்குவோம். தக்காணத்தின் ஆட்சியை மாற்றிய கொடி அத்தகையதாகவும் இருந்திருக்கலாம்!

அதே மாதம் புதிய நிஜாம் முஸஃபர் ஜங் புதுச்சேரிக்கு வந்து டூப்ளெக்சுக்கு ‘மாஹீ மராதிப்’ என்னும் மீன் சின்னத்தை வழங்கினார். கொம்பின் உச்சியில் பொன்முலாம் பூசிய மீன்தலை அமைந்த இது மொகலாயர்களின் உயர்ந்த விருது. துணிக்கொடி மட்டுமே படைச்சின்னம் என்று கருதுவதும் பிழையே.

ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்தபின் திப்புவின் கொடிகளும், அவரிடம் பணிபுரிந்த பிரெஞ்சுப் படைப்பிரிவின் கொடிகளும் சென்னைக் கோட்டையில் கவர்னர் ஜெனரலிடம் ஒப்படைக்கப்பட்டன. வென்றவர் வைத்திருந்த பட்டியலால் அவற்றின் பயணம் தெரிகிறது. அவற்றைத் தைத்தவர் யார், இறுதியாக ஏந்தி வீழ்ந்தவர் யார் என்பதை அப்பட்டியல் கூறாது. தோற்றவர் பக்கத்து அறிவிப்பாளர்கள் அனைவரும் சங்கிலியிலிருந்து விடுபட்டுவிட்டனர்.

ஹதீஸ் கலையில் மத்ன் என்பது செய்தி. ஸனது என்பது அது கைமாறி வந்த வழி. கொடிக்குத் துணியே மத்ன். யாரிடமிருந்து யாருக்கு, எந்த ஆண்டில், எச்சூழலில் வந்தது என்பதே ஸனது. வழியில் ஒருவர் விடுபட்டால் ‘முன்கதிஃ’, இட்டுக்கட்டியதாயின் ‘மவ்ளூஃ’. நான் கண்ட பச்சைத் துணி இரண்டாம் வகை.

நம் குடும்பங்கள் சிலவற்றில் பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய முன்னோரின் பதக்கமோ, படைத்துணியோ பெட்டியடியில் கிடக்கலாம். அதைத் துவைக்கவோ, வெயிலில் காயவைக்கவோ, பிளாஸ்டிக் உறையில் அடைக்கவோ வேண்டாம். மடிப்பிலேயே பட்டு இற்றுப்போகும். சாயமேற்றாத பருத்தித் துணியுடன் சேர்த்துச் சுருட்டி வையுங்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது என்பதையும் அறிந்திருத்தல் நலம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் முதியவர் உயிருடன் இருக்கும்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள்: இது யாருடையது, எங்கே பெற்றார், பின் யாரிடம் வந்தது. துணியைச் செல்லரித்தாலும் அந்தத் தாள் பேசும். தாள் இல்லாவிடில், பேரப்பிள்ளைகள் அந்தத் துணியை யாருடையதென்று அறியாமலே எடைக்குப் போட்டுவிடுவர்.