நாய்களின் அமைதியற்ற உறக்கம்

நாய்களின் அமைதியற்ற உறக்கம் என்பது உறங்கும் நாய் கால்களை உதறுதல், முனகுதல், குரைத்தல், அடிக்கடி விழித்து இடம் மாறுதல், இரவில் வீட்டுக்குள் அலைதல் ஆகியவற்றைக் குறிக்கும். இவற்றுள் சில இயல்பானவை. சில நோயின் அறிகுறிகள்.

உறக்கத்தின் இயல்பு

வளர்ந்த நாய் நாளில் ஏறத்தாழ பாதி நேரம் உறங்கும். குட்டிகளும் முதிய நாய்களும் அதைவிடக் கூடுதலாக உறங்கும். அந்த உறக்கமும் ஒரே நீட்டாக இராமல், இரவிலும் பகலிலும் பல பகுதிகளாகப் பிரிந்திருக்கும். உறக்கத்தின் ஒரு கட்டமான விரைவிழி அசைவு உறக்கத்தின்போது மூளை விழிப்பு நிலையை ஒத்து இயங்கும். மூடிய இமைக்குள் விழிகள் உருளும். மூச்சு சீராக இராது. அப்போது மூளைத்தண்டு, உடல் தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர் மிஷெல் ஜூவே பூனைகளிடம் நடத்திய ஆய்வுகள் இதை விளக்கின: மூளைத்தண்டின் குறிப்பிட்ட பகுதி சிதைந்த பூனைகள் உறக்கத்திலேயே எழுந்து வேட்டையாடுவதுபோல நடந்துகொண்டன. தசைகளைத் தளர்த்தும் இந்தக் கட்டுப்பாட்டையும் மீறி வெளிப்படும் சிறு துடிப்புகளே நாய்களின் கால் உதறலும் முனகலும். குட்டிகளிடம் இவை மிகுதி.

உறக்கம் கெடும் காரணங்கள்

மூட்டுவாத வலியும், உண்ணி, தெள்ளுப்பூச்சி, சொறி ஆகியவற்றால் வரும் அரிப்பும், பட்டாசு, இடி போன்ற ஓசைகளும், புதிய இடமும், தனிமையும் உறக்கத்தைக் கலைக்கும். சிறுநீரக நோயோ நீரிழிவோ உள்ள நாய் சிறுநீர் கழிக்க இரவில் பலமுறை எழும். புல்டாக், பக் போன்ற தட்டை முக இனங்களுக்கு மூச்சுவழி குறுகியிருப்பதால் உறக்கத்தில் மூச்சுத் தடைபடலாம். முதுமையில் வரும் அறிவாற்றல் குறைபாடு பகலில் உறங்கவும் இரவில் அலையவும் வைக்கும்.

வலிப்பிலிருந்து வேறுபாடு

உறக்கத்தில் வரும் இயல்பான துடிப்பு விட்டுவிட்டு வரும். பெயர் சொல்லி அழைத்தால் நாய் விழித்து உடனே தெளிவடையும். வலிப்பில் உடல் விறைக்கும் அல்லது இடைவிடாமல் வெட்டி இழுக்கும், அழைத்தாலும் விழிக்காது, எச்சில் வடியலாம், சிறுநீர் பிரியலாம், முடிந்த பின்னும் குழப்பம் நீடிக்கும்.

கவனிப்பு

உறக்கத்தில் துடிக்கும் நாயைத் தொட்டு எழுப்பக் கூடாது. திடுக்கிட்டு விழிக்கும் நாய் தன்னையறியாமல் கடிக்கக்கூடும். மெத்தென்ற படுக்கை, மாறாத உறங்கும் நேரம், பகலில் போதிய நடை, படுக்கும் முன் சிறுநீர் கழிக்க வெளியே அழைத்துச் செல்லுதல் ஆகியவை உதவும். மனிதர்களுக்கான வலி மாத்திரைகளையும் தூக்க மாத்திரைகளையும் தாமாகக் கொடுப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். நாயின் உறக்கப் பழக்கம் திடீரென மாறினால், அதைக் கைப்பேசியில் காணொளியாக எடுத்துக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.