குப்பாயமும் பாம்படமும்

தோள்சீலைக் கலகத்தைப் பற்றி எங்கள் பக்கத்துச் சபைகளில் பேசினால் கதை எப்போதும் ஒரே தடத்தில்தான் போகும். நம் பெண்களை மேலே துணி போட விடாமல் வைத்திருந்தார்கள், மிஷனரிமார் வந்தார்கள், போராடி வாங்கித் தந்தார்கள். நூற்றாண்டு விழா மலரானாலும் சரி, ஸ்தோத்திரப் பண்டிகை நாடகமானாலும் சரி, இவ்வளவுதான். இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அடி வாங்கிய பெண்கள் இந்தக் கதையில் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்கிறார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. மிஷனரிமார் கொடுத்தது ஒன்று, அந்தப் பெண்கள் கேட்டது இன்னொன்று.

தென் திருவிதாங்கூரில், அதாவது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்பை மூடுவது அன்றைக்கு வெட்கத்தைச் சேர்ந்த காரியமாக இருக்கவில்லை. யார் யாருக்கு அடங்கியவர் என்பதைச் சேர்ந்ததாக இருந்தது. மேலே இருப்பவர் முன்னால் கீழே இருப்பவர் துணியை இறக்க வேண்டும். நாயர் பெண் நம்பூதிரிக்கு முன்னாலும் அரச குடும்பத்தார் முன்னாலும் இறக்கினாள். எங்கள் நாடார் பெண்ணுக்கோ ஏறக்குறைய எல்லோருமே மேலே இருந்தார்கள், ஆகவே அவள் போடுவதற்கே வழியில்லை. துணியோடு தடை நிற்கவும் இல்லை. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, பொன் நகை அணியக் கூடாது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக் கொண்டுபோகக் கூடாது. இடுப்பில் குடம் வைப்பதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று என் வகுப்புப் பிள்ளைகள் கேட்பார்கள். ஒரு பெண் நடக்கிற நடையிலேயே அவள் யார் என்று தூரத்திலிருந்து தெரிய வேண்டும், அதற்குத்தான்.   

லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806ல் மயிலாடிக்கு வந்தார். சபை பெருகப் பெருகத் துணிப் பிரச்சினையும் கூடவே வந்தது. திருவிதாங்கூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த கர்னல் மன்றோ, 1814ல் ஒரு உத்தரவு போட்டார். கிறிஸ்தவர்களாகிய பெண்கள், சிரியன் கிறிஸ்தவப் பெண்களையும் மாப்பிள்ளைப் பெண்களையும் போலக் குப்பாயம் போட்டுக்கொள்ளலாம். நாயர் பெண்கள் போடுவது போன்ற மேல்சீலை, அதாவது தோள்சீலை, மட்டும் கூடாது. குப்பாயம் என்பது தொளதொள என்ற சட்டை. நாகர்கோவில் மிஷன் வீட்டு அம்மாமார் அதை வெட்டித் தைக்கக் கற்றுக் கொடுத்தார்கள். அவர்கள் கணக்குப்படி காரியம் முடிந்தது. உடம்பு மூடியாகிவிட்டது, வேதாகமத்துக்கும் ஒத்தது, ராஜ்யத்துக்கும் பகையில்லை.

நம் பெண்கள் குப்பாயத்தை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். அதற்கு மேலேயே தோள்சீலையையும் போட்டார்கள்.

கலகமே இந்த ஒரு காரியத்தில்தான் பிடித்தது. மார்பை மறைப்பது மட்டும் நோக்கம் என்றால் குப்பாயம் தாராளம். ஆனால் குப்பாயம் போட்டவளைப் பார்த்தால் 'மதம் மாறினவள்' என்று தெரியும். தோள்சீலை போட்டவளைப் பார்த்தால் 'பெண்' என்று மட்டும்தான் தெரியும். 1822லேயே கல்குளம், இரணியல் பக்கங்களில் சந்தைக்குப் போன பெண்களின் சீலையைப் பிடித்து இழுத்துக் கிழித்தார்கள். வழக்கு பத்மநாபபுரம் கோர்ட்டுக்குப் போய், 1823ல் கிறிஸ்தவர்களுக்குச் சாதகமாகத் தீர்ந்தது. ஆனாலும் 1827 தொடங்கி மறுபடியும் அடிதடி. ஜெபக் கூடங்களும் பள்ளிகளும் எரிந்தன. 1829 பிப்ரவரி 3ஆம் தேதி ராணி கௌரி பார்வதி பாய் பெயரில் வந்த விளம்பரம் பழையபடியே சொன்னது: சட்டை போடலாம், மேல்சீலை கூடாது. பெண்கள் கேட்கவில்லை. முப்பது வருஷம் கழித்து 1858 கடைசியில் மூன்றாம் தடவையாகக் கலகம் வந்தது என்றால், இந்த முப்பது வருஷமும் அவர்கள் அதைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள் என்றுதானே பொருள்? பாட்டி போட்டு, மகள் போட்டு, பேத்தி போட்டு அடி வாங்கியிருக்கிறாள்.

அப்போது திவான் டி. மாதவ ராவ். சென்னையில் கவர்னராக வந்த சர் சார்லஸ் ட்ரெவெலியன் நெருக்கவே, 1859 ஜூலை 26ல் உத்திரம் திருநாள் மகாராஜா அனுமதி கொடுத்தார். அந்த அனுமதியையும் முழுசாகப் படிக்க வேண்டும். எந்த மதமானாலும் நாடார் பெண்கள் சட்டை போடலாம், முக்குவ மீனவப் பெண்களைப் போல முரட்டுத் துணியும் சுற்றிக்கொள்ளலாம், ஆனால் உயர்ந்த ஜாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது. நூல் நயத்தில்கூட ஜாதி பார்த்தார்கள். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்கிறீர்களா? எங்கள் மாமியார் காலத்துப் பெண்கள் கோயிலுக்குப் போகும்போது சட்டை, முண்டு, அதன் மேல் சரிகைக் கரை போட்ட கவணி. சரிகை! முரட்டுத் துணி எங்கே போயிற்றோ.

இது கிறிஸ்தவர்களின் கதை மட்டும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கலகம் நடந்த அந்த முப்பது வருஷத்துக்குள்ளேயே சாமித்தோப்பில் ஐயா வைகுண்டர் தம் மக்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். குனிந்து நின்ற உடம்பை நிமிர்த்துவதுதான் அங்கேயும் காரியம்.

சட்டையோடு சேர்த்து மிஷன் அம்மாமார் கொடுத்த இன்னொன்று ரேந்தை, அதாவது லேஸ். சார்லஸ் மால்ட் ஐயரின் மனைவி மார்த்தா, 1820ஐ ஒட்டி நாகர்கோவில் பெண்பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தார். உருண்டை திரட்டின கெட்டித் தலையணை ஒன்று, அதன்மேல் படம் வரைந்து துளையிட்ட காகிதம், துளைக்குத் துளை குண்டூசி. நூல் சுற்றின சின்னக் கட்டைகளை ஜோடி ஜோடியாக எடுத்து ஊசிகளைச் சுற்றி மாற்றி மாற்றிப் போட வேண்டும். கட்டைகள் ஒன்றோடொன்று தட்டும் சத்தம் மழைத்தூறல் ஓட்டில் விழுவது மாதிரி இருக்கும். ஒரு சாண் ரேந்தைக்குக் கண்ணும் இடுப்பும் போய்விடும். விற்ற காசில் அடிமைப் பெண்கள் சிலர் தங்களையே மீட்டுக்கொண்டார்கள் என்று மிஷன் வரலாறுகளில் இருக்கிறது; திருவிதாங்கூரில் அடிமைத்தனம் ஒழிந்தது 1855ல்தான். தன் தோளில் ஒரு சீலை போட்டதற்கு அடி வாங்கிய பெண், துரைசானிகளின் கழுத்துப்பட்டைக்கு ரேந்தை பின்னிக் கொண்டிருந்தாள்.

மார்த்தா அம்மாவின் மகள் எலைசா, மிஷனரி கால்டுவெல் ஐயருக்கு 1844ல் வாழ்க்கைப்பட்டுத் திருநெல்வேலிச் சீமையிலுள்ள இடையன்குடிக்கு வந்தார். பள்ளியும் ரேந்தையும் கூடவே வந்தன. அவர் நாகர்கோவிலிலிருந்து இடையன்குடிக்கு. நான் இடையன்குடிப் பக்கத்திலிருந்து நாகர்கோவிலுக்கு. ஆகவே இரண்டு பக்கத்துக் கிழவிகளையும் பார்த்திருக்கிறேன். கால்டுவெல் ஐயர் 1849ல் எங்கள் ஜனத்தைப் பற்றி எழுதின புத்தகத்தை எங்கள் ஜனம் இன்னும் மன்னிக்கவில்லை. அது வேறு கதை. எலைசா அம்மாவுக்குத் தமிழ் தாய்மொழி மாதிரி வரும் என்பார்கள், அவரைப் பற்றி மட்டும் யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை.

திருநெல்வேலிச் சீமையில் பிரச்சினை துணியில் இல்லை, காதில் இருந்தது. பெண்பிள்ளைக்குச் சின்னதிலேயே காதைத் துளைத்துப் பஞ்சுத் திரி போடுவார்கள். பிறகு ஓலைச்சுருள், பிறகு ஈயக் குணுக்கு. பாரம் ஏற ஏறக் காது வடிந்து தோளைத் தொடும். அதில் பாம்படம், தண்டட்டி, முடிச்சு, அரிசித்தட்டு. பாம்படம் பார்க்கத்தான் பெரிசு. உள்ளே அரக்கு, மேலே பொன் தகடு. காது வடியாத பெண்ணைக் கட்டுவார் இல்லை.

போர்டிங் பள்ளிகள் வந்ததும் பிள்ளைகள் குட்டைக் காதோடு வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். தீமோத்தேயுவுக்கு எழுதின முதல் நிருபம், இரண்டாம் அதிகாரம்: பொன்னும் முத்தும் வேண்டாம் என்கிற இடம். பேதுருவும் அதையே சொல்கிறார். போதகர்மார் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பூவும் போயிற்று, பொட்டும் போயிற்று. கத்தோலிக்கப் பெண்கள் பூ வைப்பார்கள், எங்கள் வீட்டில் மூச்சு விடக் கூடாது. ஏமி கார்மைக்கேல் அம்மா 1896ல் திருநெல்வேலிக்கு வந்து பெண்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பிரசங்கத்துக்குப் போனார். அந்தக் கூட்டத்தில் ஒருவர் பொன்னம்மாள் என்ற இளம் விதவை. அவரும் மற்றவர்களும் நகையைக் கழற்றி வைத்தபோது ஊருக்கே பொறுக்கவில்லை. கிறிஸ்தவர்களுக்குத்தான் அதிகம் பொறுக்கவில்லை. நகை இல்லாத உடம்பு குடும்பத்துக்கு அவமானம்.

இதில் எனக்கு ஒரு வழக்கு உண்டு. தானாக வேண்டாம் என்று கழற்றினால் அது துறவு. பொன்னம்மாள் செய்தது அது, அவரை வணங்கலாம். ஆனால் மலைக்கு மேற்கே திருவிதாங்கூரில் பொன் நகையே கூடாது என்று தலைமுறை தலைமுறையாகத் தடுக்கப்பட்டிருந்த பெண்ணிடம் போய், தேவனுக்காகப் பொன்னை விடு என்று பிரசங்கித்தால் அவள் எதை விடுவாள்? நேற்றுவரை ஜாதி சொன்னதை இன்றைக்குச் சபை சொல்கிறது, அவ்வளவுதானே அவள் காதில் விழும்? மேடைப் பிரசங்கிமார் இந்த வித்தியாசத்தைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. பெண்கள் கண்டுகொண்டார்கள்.

என் அம்மாவின் அம்மாவுக்கு வடிந்த காது. நாற்பதுகளில், மகள்மார் படிக்கப் போன பிறகு, தொங்கின சதையை வெட்டித் தைத்துக்கொண்டாள். காதுமடலின் கீழே பல்லி வால் அகலத்துக்கு ஒரு தழும்பு. அதற்குச் சற்று மேலே புதுத் துளை. அந்தத் துளையில் சிவப்புக்கல் கம்மல். போதகரம்மா வந்து, காதை அறுத்தது நகையை விடத்தானே என்று கேட்டாளாம். பாட்டி சொன்னதாக எங்கள் வீட்டில் சொல்வது: "பாம்படம் பட்டிக்காட்டு வேஷம், அதனால அறுத்தேன். கம்மல் என்ன பாவம் பண்ணிச்சு?" பாம்படங்களை அழித்துத்தான் அந்தக் கம்மலும் ஒரு சங்கிலியும் செய்தார்கள். அரக்கைக் கழித்து மிச்சப் பொன்னைத் தட்டான் நிறுத்தபோது, பக்கத்திலேயே உட்கார்ந்து தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

1920களில் கொழும்பில் தொடங்கின சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் இந்தப் பக்கம் பரவியபோது காரியம் முற்றிலும் இறுகியது. கம்மல்கூட இல்லை. ஊழியக்காரருக்கு வெள்ளை உடை. இன்றைக்கும் நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் நின்றால், காதைப் பார்த்தே எந்தச் சபை என்று பாதிப் பேரைச் சொல்லிவிடலாம்.

என் நாத்தனார் மகள் அப்படி ஒரு சபைக்காரி, துளைகூடத் தூர்ந்துவிட்டது. கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார் நகையே வேண்டாம், விசுவாசத்துக்கு ஒத்துவராது என்றார்கள். எங்களுக்கெல்லாம் சந்தோஷம். மறுவாரம் அத்தனை பவுனுக்கும் ஈடாகத் தோவாளைப் பக்கம் நிலம் கேட்டார்கள், மாப்பிள்ளை பெயரில். "கழுத்துல போடாதது எனக்கும் தேவனுக்கும் உள்ள காரியம் மாமி, பத்திரம் எனக்கும் ரிஜிஸ்திராருக்கும் உள்ளது" என்று சொல்லி, நிலத்தைத் தன் பெயரில் பதிந்த பிறகுதான் சபையில் கல்யாண ஓலை வாசிக்கச் சம்மதித்தாள்.