கல்லூரி மாறிய சகோதரர்கள்

அமெரிக்கக் கல்லூரிகளின் ஃபிராட்டர்னிட்டி எனப்படும் மாணவர் சங்கங்களில் ஒருமுறை உறுதிமொழி எடுத்தவர் ஆயுளுக்கும் உறுப்பினர். கல்லூரி மாறினாலும் அந்த உறுதிமொழி செல்லும். ஆனால் கிளையின் கதவு தானாகத் திறக்காது; ஒவ்வொரு கல்லூரிக் கிளையும் தன் ஆட்களைத் தானே தேர்ந்தெடுக்கிறது. தொடக்க காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. இடம் மாறிப் போன மாணவர்களே சங்கங்களைச் சுமந்து சென்று பரப்பினார்கள்.

1776 டிசம்பர் 5 அன்று வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் ஃபை பீட்டா காப்பா தொடங்கியது. ரகசியக் கைகுலுக்கலும் சதுர வெள்ளிப் பதக்கமும் அதன் அடையாளங்கள். பதக்கத்தின் ஒரு பக்கம் மூன்று கிரேக்க எழுத்துகள், ஒரு சுட்டுவிரல், மூன்று நட்சத்திரங்கள். மறுபக்கம் சங்கம் பிறந்த நாள். எலைஷா பார்மெலி என்பவர் யேலில் படிக்கத் தொடங்கி, விடுதலைப் போரின் குழப்பத்தில் ஹார்வர்டுக்கு மாறி, 1778இல் பட்டம் பெற்றவர். பிறகு வர்ஜீனியாவுக்கு வந்த இடத்தில் சங்கத்தில் சேர்ந்தார். தாம் படித்த இரு கல்லூரிகளிலும் கிளை தொடங்க 1779இல் உரிமைப் பத்திரம் வாங்கிக்கொண்டு வடக்கே திரும்பினார். யேல் கிளை 1780இலும் ஹார்வர்டு கிளை 1781இலும் அமைந்தன. அதே 1781இல் பிரிட்டிஷ் படை நெருங்கியதும் தாய்ச் சங்கம் முடங்கிப்போனது. பெயரைக் காப்பாற்றியவை அந்த இரு கிளைகள்தாம்.

ஃபை பீட்டா காப்பா பின்னாளில் ரகசியத்தைக் கைவிட்டுக் கல்விச் சிறப்புக்கான அமைப்பாயிற்று. இன்றைய ஃபிராட்டர்னிட்டிகளின் வேர், நியூயார்க் மாநிலத்து யூனியன் கல்லூரியில் 1825இல் பிறந்த காப்பா ஆல்ஃபா. அங்கேயே 1827இல் உருவான சிக்மா ஃபை, 1831இல் ஹாமில்டன் கல்லூரிக்குப் பரவியது. அன்றைய சங்கங்களுக்குத் தலைமையகமும் இல்லை, சம்பளம் வாங்கும் அலுவலரும் இல்லை. ஊர் மாறும் மாணவரை விட்டால் வேறு வழி கிடையாது. பென்சில்வேனியாவின் ஜெஃபர்சன் கல்லூரியில் 1852இல் ஃபை காப்பா சை-யைத் தொடங்கிய இருவரில் ஒருவரான சார்லஸ் மூர், சட்டம் படிக்க வர்ஜீனியா பல்கலைக்கழகம் போனார்; 1853இல் இரண்டாம் கிளை அங்கே எழுந்தது. பின்னாளில் அமெரிக்க அதிபரான உட்ரோ வில்சன் இளநிலை படித்த பிரின்ஸ்டனிலோ, சங்கத்தில் சேர்வதில்லை என்று எழுதிக் கையெழுத்திட வேண்டியிருந்தது. 1879இல் அவரும் சட்டம் படிக்க வர்ஜீனியா வந்தார். வந்தவுடன் மூர் தொடங்கிய அதே கிளையில் சேர்ந்தார்.

கிளைகள் பெருகியதும் சச்சரவும் பெருகியது. தன் சங்கத்துக்குக் கிளையே இல்லாத கல்லூரிக்கு வந்து சேர்ந்தவரை வேறு சங்கம் இழுத்துக்கொள்வது எளிது. இந்த ஆள்பிடிப்பு பெரும் பகையை மூட்டியதால், ஒருவருக்கு ஒரே சங்கம் என்ற விதி இறுகியது. யேலில் இன்னொரு கோணல்: அங்கே அன்று ஆல்ஃபா டெல்ட்டா ஃபை போன்ற சங்கங்கள் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கானவையாக இருந்தன. வேறு கல்லூரியில் முதலாண்டிலேயே உறுதிமொழி எடுத்தவர் அந்த ஏற்பாட்டில் பொருந்தவில்லை.

அதையும்விடப் பெரிய மாற்றத்தைச் சொந்த வீடுகள் கொண்டுவந்தன. 1846இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக் கை சை உறுப்பினர்கள் காட்டுக்குள் கட்டிய மரக்குடில் இதன் முன்னோடி. உள்நாட்டுப் போருக்குப் பின் பல கிளைகள் வீடு வாங்கின. உறுப்பினர் என்றால் படுக்கை, சாப்பாடு, கடன் தவணை என்றாகிவிட்ட பிறகு, முகம் தெரியாத சகோதரரை ஏற்கத் தயக்கம் வந்தது நியாயந்தான். அதனால் வந்தவரை ஏற்பதா வேண்டாமா என்று புதுக் கிளை வாக்கெடுத்து முடிவு செய்யும் வழக்கம் வேரூன்றியது. பாக்கி இல்லை, ஒழுங்கு நடவடிக்கை இல்லை என்று பழைய கிளை தரும் கடிதம் கிட்டத்தட்ட ஒரு டி.சி. வாக்கில் தோற்றாலும் உறுப்பினர் பட்டம் போகாது. வீட்டில் இடமும் கூட்டத்தில் ஓட்டும்தான் கிடைக்காது. கிளையே இல்லாத இடத்தில் ஆள் சேர்த்துப் புதுக் கிளை கேட்கலாம்.

பெண்கள் சங்கங்கள் 1902இல் கூட்டமைப்பு கண்டன. அதில் ஒரு சங்கத்தில் முழு உறுப்பினரானவர் பிறகு இன்னொன்றில் சேர முடியாது. சடங்கு முடியாத புதுமுகத்துக்கு இந்தக் கட்டு இல்லை. கல்லூரி மாறினால் அவர் புதிதாகத் தேடலாம். கல்லூரி மாறுவோரில் இன்னொரு வகையினரும் உண்டு. 1901இல் இலினாய் மாநிலத்து ஜோலியட்டில் தொடங்கிய ஈராண்டுக் கல்லூரி முறையிலிருந்து வருவோர் பெரும்பாலும் எந்தச் சங்கத்தையும் சாராதவர்கள். மூன்றாம் ஆண்டில் நுழையும் அவர்கள், முதலாண்டு மாணவர்களோடு ஒரே வரிசையில் நின்று தேர்வாக வேண்டியிருக்கிறது.